வீராவின் பானட்டுக்குக் கீழே

ஈப்போவில் ஒரு புரோட்டோன் வீராவை வெளியிலிருந்து பார்த்தால் அதன் வயதைச் சொல்லிவிடலாம். வேகத்தைச் சொல்ல முடியாது. பெயின்ட் வெளுத்திருக்கும், பின்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர் இருக்கும், பின்சீட்டில் பிள்ளைகளின் பள்ளிப் பை கிடக்கும். அதே கார் கோப்பெங் தாண்டி குவா தெம்புரோங் ஏற்றத்தில் லேட்டஸ்ட் ஜெர்மன் கார் ஒன்றைப் பின்னால் விட்டுவிட்டு மேலேறிப் போகும். அதன் பானட்டுக்குக் கீழே ஆலை பொருத்திய 1.5 லிட்டர் இன்ஜின் இருக்காது. அதை எப்போதோ இறக்கிவிட்டிருப்பார்கள்.

புந்தோங், மெங்லெம்பு, ஜெலாப்பாங், அந்தப் பக்கம் சுங்கை சிப்புட், இந்தப் பக்கம் கம்பார் வரை, போமன்கள் எனப்படும் மெக்கானிக்குகளின் பட்டறைகளில் மாலை நேரத்தில் நடக்கும் பேச்சு பல வருடங்களாக ஒரே வழக்கைத்தான் சுற்றுகிறது. "நம்ம காடிய நம்மகிட்டேருந்து புடுங்கிட்டானுங்க" என்பது வாதியின் தரப்பு. பிரதிவாதி, தேசியக் கார் கம்பெனியான புரோட்டோன். சாட்சிக் கூண்டில் ஏறுபவை சத்ரியா ஜிடிஐ, புத்ரா, பெர்டானா வி6, எப்போதாவது ஒரு கஞ்சில். தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை. வாதி தரப்பின் பல குற்றச்சாட்டுகள் நியாயமானவை. ஆனால் வாதியும் முழு யோக்கியர் அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேராக்கில் இந்தப் பேச்சுக்குத் தனி உரிமை உண்டு. 1877-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையின் மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஃபோர்டு கம்பெனி 1908-ல் மாடல் டி காரைக் கொண்டுவந்து, அமெரிக்கா சக்கரத்தில் ஓடத் தொடங்கியபோது, அந்தச் சக்கரத்துக்கான பாலை விடியற்காலையில் சீவி எடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். உலகத்துக்கே டயர் கொடுத்த தோட்டத்தில் கார் இருந்தது துரைக்கு. கிராணிக்கு மோட்டார் சைக்கிள். லயத்தில் இருந்தவனுக்கு சைக்கிள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் காலியாகி, குடும்பங்கள் ஈப்போவின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அந்தச் சைக்கிள்காரரின் பேரன் முதன்முதலாகத் தவணையில் வாங்கிய நாலு சக்கரம் புரோட்டோன். ஆகவே அவன் அந்தக் கம்பெனி மேல் வைத்திருக்கும் கோபம் வாடிக்கையாளரின் கோபம் அல்ல, சொந்தக்காரரின் கோபம்.

மிட்சுபிஷி கொடுத்த சாவி

1983-ல் தொடங்கிய புரோட்டோனின் முதல் கார் சாகா, 1985 ஜூலையில் வந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேதான் அதன் மூலம். 1993-ல் வந்த வீராவும் லான்சர்தான். அதையடுத்து வந்த சத்ரியா, 1996-ல் வந்த இரண்டு கதவு புத்ரா எல்லாம் அதே குடும்பம். "மிட்சுபிஷிக்கு முத்திரை மாத்தி ஒட்டுன காடி" என்று அன்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிதான் இன்று ஏக்கமாக மாறியிருக்கிறது, ஏனென்றால் அந்த முத்திரை மாற்றத்துக்குள் ஒரு பெரிய வரம் ஒளிந்திருந்தது.

ஜப்பானில் அதே லான்சரின் உடம்பில் 1.3 லிட்டர் சாதாரண இன்ஜின் முதல் டர்போ வரை ஏகப்பட்ட ரகங்கள் ஓடின. அங்கே வண்டிக்கு வயதாக வயதாகக் கட்டாயப் பரிசோதனையும் செலவும் கூடும். நன்றாக ஓடுகிற காரையே பத்து வருடத்தில் கழித்துவிடுவார்கள். முழுக் காரை மலேசியாவுக்குள் கொண்டுவர ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி வேண்டும், வரியும் எக்கச்சக்கம். காரை நடுவில் அறுத்து முன்பாதியை மட்டும் கொண்டுவந்தால் அது உதிரிபாகம். இப்படிப் பிறந்ததுதான் ஹாஃப்-கட் வியாபாரம். முன்விளக்கு முதல் டேஷ்போர்டு வரை முழுசாக, இன்ஜின், கியர்பெட்டி, ஒயரிங், இசியூ எதுவும் பிரிக்கப்படாமல் கன்டெய்னரில் வந்து இறங்கும்.

அதைத் தேர்ந்தெடுப்பதே தனிக் கலை. அனுபவமுள்ள போமன் முதலில் இன்ஜினைப் பார்க்க மாட்டார், ஒயரைப் பார்ப்பார். ஏற்றுமதிக்காக அறுத்தவன் அவசரத்தில் ஒயரை நறுக்கியிருந்தால் அந்தப் பாதியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். ஒரு கட்டு ஒயரைத் தேடிச் சேர்ப்பதற்குள் இரண்டு வாரக் கூலி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்தது எண்ணெய் ஊற்றும் மூடி. கழற்றித் திருப்பிப் பார்த்து, உள்பக்கம் கறுப்புத் தார் படிந்திருந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு டர்போவின் தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது. கடைசியாகத்தான் விலைப் பேச்சு, பாதி ஹொக்கியென், பாதி மலாய், நடுநடுவே நம் பாஷை.

வீரா 1.5-ன் 4ஜி15 இன்ஜினை இறக்கிவிட்டு 1.8 லிட்டர் 4ஜி93-ஐ ஏற்ற உடம்பை வெட்ட வேண்டியதில்லை. வீராவிலேயே 1.8 வந்தது, இடமும் தாங்கியும் ஏற்கனவே இருக்கின்றன. 90 குதிரைத்திறனை ஒட்டிய வண்டி ஒரு வாரக் கடைசியில் 140-ஐத் தொட்டுவிடும். டர்போ போட்ட 4ஜி93 என்றால் 200-ஐ ஒட்டிப் போகும். இன்னும் ஆசை இருந்தால் காலன்ட் விஆர்4-லும் லான்சர் எவல்யூஷனிலும் வந்த 4ஜி63 டர்போ. இது மோகமாக மட்டும் இருந்திருந்தால் இத்தனை பரவியிருக்காது. கணக்கும் அதன் பக்கம் நின்றது.

அந்தக் கணக்கு ரோடு டெக்ஸ். தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட். அதற்கு மேல் 1,800 வரை 200 ரிங்கிட், கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 40 சென். 1,800-ஐத் தாண்டினால் 280, அதற்கு மேல் சிசிக்கு 50 சென். ஆகவே 1,834 சிசி கொண்ட 4ஜி93-க்கு 297 ரிங்கிட். பெர்டானா வி6-ன் 1,998 சிசிக்கு 379. மூன்று லிட்டரை நெருங்கினால் 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பட்டறைகளில் ஏன் 4ஜி92 மைவெக் இன்ஜினைக் கடவுள்போலக் கும்பிட்டார்கள் என்பது விளங்கும். 1.6 லிட்டர், டர்போ கிடையாது, 175 குதிரைத்திறன். ரோடு டெக்ஸ் அதே 90 ரிங்கிட். அப்பாவின் வீராவுக்குக் கட்டிய அதே தொகை.

கஞ்சில் கதை இன்னும் வேடிக்கை. 1994-ல் பெரோடுவா கொண்டுவந்த இந்தக் குட்டிக் காரின் 660 சிசி இன்ஜினுக்கு 30 குதிரைத்திறனை ஒட்டித்தான் பலம். மூலம் டைஹாட்சு மிரா. ஜப்பானில் அதே மிராவுக்கு 4 சிலிண்டர் டர்போ உண்டு, 659 சிசி, 64 குதிரைத்திறன். 700 கிலோகூட இல்லாத உடம்புக்குள் அதை வைத்தால் என்ன ஆகும் என்று சிக்னலில் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்க வேண்டும். 1,000 சிசிக்குக் கீழே என்பதால் ரோடு டெக்ஸ் 20 ரிங்கிட். உலகத்தில் வேறெங்கே இவ்வளவு மலிவாக இவ்வளவு ஆபத்தை வாங்க முடியும்?

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. 64 குதிரைத்திறனுக்கு 30 குதிரைத்திறன் வண்டியின் பிரேக் போதாது. இன்ஜினுக்குக் காசு சேர்த்தவன் பிரேக்குக்குச் சேர்ப்பதில்லை என்பது எல்லாப் பட்டறையும் அறிந்த ரகசியம். இன்ஜின் எண் கெரான் எனப்படும் வாகன உரிமைப் பத்திரத்தில் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், பரிசோதனை வேண்டும், கெரானில் புது எண் ஏற வேண்டும். அந்த வேலையைச் செய்யாத கார் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். ஆசைப்பட்டவன் மட்டுமல்ல, எதிரே வந்தவனும் தெருவில் நிற்பான்.

லோட்டஸ் வந்ததும் போனதும்

1996-ல் புரோட்டோன் இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸைக் கைப்பற்றியபோது உலகம் சிரித்தது. சில வருடங்களில் சத்ரியா ஜிடிஐ வந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. 1.8 லிட்டர் 4ஜி93, சுமார் 140 குதிரைத்திறன், ரெக்காரோ இருக்கை, சஸ்பென்ஷனுக்கு லோட்டஸின் கை. எடை ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் அந்தக் கார் எப்படிப் போகும் என்று சொல்ல ஆரம்பித்தால் நாற்பது வயது மனிதர்கள் கையால் ஸ்டீயரிங் பிடித்துக் காட்டுவார்கள். பிரிட்டனிலும் அது விற்றது, அங்கேயும் பேர் வாங்கியது.

2002-ல் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், புரோட்டோன் பெர்ட்டில் உலக ரேலியின் தயாரிப்பு-கார் பிரிவுப் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை முதலில் தொட்டவர் அவர்தான். பெர்ட் என்பது பார்வைக்கு வீரா. உள்ளே லான்சர் எவல்யூஷனின் எலும்பும் நரம்பும். தோட்டத்துச் செம்மண் பாதையில் லாரி ஓட்டிப் பழகிய ஒரு தலைமுறை, தங்கள் காரைப் போலவே இருக்கும் ஒரு கார் உலகக் கோப்பை வாங்குவதைப் பேப்பரில் பார்த்தது. ஆனால் விற்பனை நிலையத்துக்குப் போய் "அதைக் கொடு" என்று கேட்டால் கிடைக்காது. பந்தயத்தில் ஜெயித்ததைக் கடையில் விற்கத் தெரியாத கம்பெனி என்று என் மனதில் புரோட்டோன் பதிந்தது அந்த வருடம்தான்.

2004-ல் புரோட்டோனின் பந்தயப் பிரிவான ஆர்3 ஒரு சத்ரியாவைக் கொடுத்தது. உடற்கூட்டின் வெல்டிங்கைக் கூட்டி இறுக்கியது, திட்டமிட்டது வெறும் 150 கார்கள். ஆர்வலர்களுக்கு இன்றுவரை அதுதான் அளவுகோல். 2023-ல் அதே ஆர்3 முத்திரையுடன் எக்ஸ்50 ஒன்று வந்தது, 20-ஆம் ஆண்டு நினைவாக, 2,000 கார்கள். நிறம் வேறு, தையல் வேறு, ஒட்டுப்பட்டை வேறு. இன்ஜின் அதேதான். "ஆர்3-ன்னா இப்போ ஸ்டிக்கர் கடை" என்று ஈப்போவில் முணுமுணுப்பதில் தவறே இல்லை.

2004-க்கு இன்னொரு முகமும் உண்டு. மிட்சுபிஷி தன் பங்குகளை விற்றுவிட்டு விலகிய வருடம் அது. சொந்த இன்ஜினான கேம்ப்ரோ, ஜென்-2 காரில் அறிமுகமானதும் அதே வருடம். லோட்டஸுடன் சேர்ந்து உருவாக்கிய இன்ஜின். காகிதத்தில் 1.6 லிட்டருக்கு 110 குதிரைத்திறன், பாராட்ட வேண்டிய எண். ஆனால் 2,500 சுற்றுக்கு மேல் இழுவை சற்றே படுத்துவிடும், 4,000-த்தை நெருங்கித்தான் மறுபடி எழும். ஊரில் ஓட்டும் மனிதன் வாழ்வதே அந்த இடைவெளியில்தான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து மலையேறியவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை, காலே சொல்லிவிட்டது. சில வருடங்கள் கழித்து கேம்ப்ரோ சிபிஎஸ் வந்து 125 குதிரைத்திறனைக் கொடுத்து அந்தக் குழியை நிரப்பியது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

எம்வி அகுஸ்தா என்ற இத்தாலிய மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெரும்பங்கைப் புரோட்டோன் 7 கோடி யூரோ கொடுத்து வாங்கி, 2005 டிசம்பரில் 1 யூரோவுக்கு விற்றதும் இந்தக் காலத்துக் கூத்துதான். எழுத்துப்பிழை அல்ல, ஒரே ஒரு யூரோ. இரண்டு காபிக்குக்கூடக் காணாது.

பெர்டானா வி6 பற்றி ஒரு வார்த்தை. அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பின்சீட்டில் உட்கார்ந்து போன கார். 2008-ல் திரெங்கானு மாநில அரசு, பழுதுச் செலவு தாங்கவில்லை என்று காரணம் சொல்லி அதைக் கைவிட்டு மெர்சிடிஸுக்குத் தாவியது பெரிய சர்ச்சையானது. கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கிய பெர்டானாக்கள் புந்தோங் வரை வந்து சேர்ந்தன. வாங்க மலிவு, வைத்திருக்கச் செலவு. ஆனால் அந்த ஆறு சிலிண்டரின் குரலுக்காக சம்பளத்தின் ஒரு பங்கைக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடன் வாதாட எனக்கு மனமில்லை.

தஞ்சோங் மாலிமின் கணக்கு

2017-ல் சீனாவின் ஜீலி, புரோட்டோனில் 49.9 சதவீதமும் லோட்டஸில் 51 சதவீதமும் வாங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல, புரோட்டோனைத் தொடங்கிவைத்த முன்னாள் பிரதமர் மகாதீர் வருந்தினார். பட்டறைகளிலும் அதே மனநிலைதான். அடுத்து வந்தவை எஸ்யூவிகள்: 2018 டிசம்பரில் எக்ஸ்70, 2020-ல் எக்ஸ்50. 2018-ல் 64,744 கார் விற்ற புரோட்டோன் 2019-ல் 1,00,821 விற்றது. இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் ஜிடிஐ ஏக்கம் எதுவும் நிற்காது.

அந்தக் கார்கள் தயாராவது பேராக்கில். சிலாங்கூர் எல்லையை ஒட்டி, முவாலிம் மாவட்டத்தில், ஈப்போவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் இருக்கும் தஞ்சோங் மாலிம் ஆலை ஜென்-2-வுக்காகத் திறக்கப்பட்டது. இன்று அதைச் சுற்றித்தான் கார்த்தொழில் பள்ளத்தாக்கு என்ற தொழிற்பகுதி எழும்புகிறது. 2024 டிசம்பரில் வந்த முதல் தேசிய மின்கார் இ.மாஸ் 7, ஆரம்பத்தில் சீனாவிலிருந்து முழுசாக இறங்கியது. 2025-ல் மின்காருக்கான ஆலையும் தஞ்சோங் மாலிமில் வந்துவிட்டது. மாநிலத்தின் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது. வேலை கொடுக்கும் ஆலையைத் துரோகி என்று சொல்ல எவ்வளவு தூரம் உரிமை இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

2020-ன் எக்ஸ்50, 1.5 லிட்டர் 3 சிலிண்டரில் 177 குதிரைத்திறன் கொடுத்தது. 2025-ல் புதுப்பித்த எக்ஸ்50, 4 சிலிண்டரில் 181. மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் போகிற ஒரு குடும்பக் கார், புராணமாகிவிட்ட ஜிடிஐயைவிட 40 குதிரைத்திறன் அதிகமாக வைத்திருக்கிறது. ரோடு டெக்ஸ் எஸ்யூவி கணக்கில் 120 ரிங்கிட்தான். பழைய ஆர்வலர் இதைக் கேட்டதும் எடையைத் தூக்கிப் போடுவார்: எக்ஸ்50 ஏறத்தாழ 1,370 கிலோ. உயரம் அதிகம், வளைவில் சாயும். முக்கியமாக, இடது காலுக்கு வேலை இல்லை.

இந்த இடது கால் விவகாரம்தான் குற்றப்பத்திரிகையின் கனமான பக்கம். கைக்கியர் கார்கள் காய்ந்துகொண்டே வருகின்றன. பெரோடுவா 2021-ல் மைவியைப் புதுப்பித்தபோது அதிலிருந்து கைக்கியரை எடுத்தேவிட்டது. 2023-ல் 22,000 ரிங்கிட்டுக்கு ஆக்சியா இ-ஐ விட்டது, கைக்கியருடன்தான், ஆனால் அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியையும் சிக்கனக்காரரையும் மனதில் வைத்தது. கைக்கியருடன் வேகமும் புதுசாக வேண்டுமென்றால் ஹோண்டா சிவிக் டைப் ஆர் இருக்கிறது. 2023-ல் மலேசியாவில் அதன் விலை 3,99,900 ரிங்கிட். புந்தோங்கில் வீடே வாங்கலாம்.

பட்டறைக்காரருக்கும் சாவி பறிபோயிற்று. வீராவின் இசியூவை மாற்றலாம், ஒயரை நீட்டலாம், காலன்டின் இன்ஜினைத் தூக்கி வைக்கலாம். இன்றைய காரில் கியர்பெட்டி, ஸ்டீயரிங், பிரேக், டேஷ்போர்டு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றது வாயை மூடிக்கொள்ளும். மின்காரில் மாற்றுவதற்கு இன்ஜினே இல்லை. எடையைக் குறைப்பதையே வேதமாக வைத்திருந்த காலின் சாப்மன் தொடங்கிய லோட்டஸ், இன்று ஜீலியின் கையில், வூஹானில், ஏறத்தாழ இரண்டரை டன்னுக்கு எலெட்ரே என்ற மின் எஸ்யூவியைத் தயாரிக்கிறது.

இனி வாதியின் பக்கம் திரும்புவோம். ஜிடிஐ புதிதாக விற்பனைக்கு நின்றபோது அதை வாங்கியவர்கள் எத்தனை பேர்? பட்டறையில் கண் கலங்கப் பேசும் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் வீரா 1.5-ஐத்தான் தவணையில் எடுத்தார்கள், ஹாஃப்-கட்டைத்தான் தேடினார்கள். அதில் குற்றமில்லை, சம்பளம் அவ்வளவு. ஆனால் கம்பெனி பார்ப்பது புது கார் விற்பனையை. ஹாஃப்-கட்டுக்குக் கொடுத்ததில் ஒரு ரிங்கிட்கூட புரோட்டோனுக்குப் போகவில்லை, ஜப்பானின் கழிவுக்கிடங்குக்கும் இடைத்தரகருக்கும் போயிற்று. 2006-ல் வந்த சத்ரியா நியோவுக்கு இரண்டு கதவு போதாது என்றார்கள், கேம்ப்ரோவா வேண்டாம் என்றார்கள். 2011-ல் அதே நியோவின் பந்தய ரகத்தில் அலிஸ்டர் மெக்ரே ஆசிய-பசிபிக் ரேலிப் பட்டத்தை வென்றார். அப்போதும் வாங்கவில்லை. உற்பத்தி நின்ற பிறகு இணையத்தில் விலையை ஏற்றி வைத்துத் தேடுகிறார்கள். ஆர்வலர் கூட்டம் சத்தத்தில் பெரிது, பில்லில் சிறிது. கம்பெனிக்காரர்கள் இதை எப்போதோ எண்ணிவிட்டார்கள்.

இருந்தாலும் புரோட்டோனை முழுசாக விடுவிக்க முடியவில்லை. எல்லாப் பொருளும் கையில் இருக்கிறது. 90 ரிங்கிட் வரிக்குள் அடங்கும் 1.5 டர்போ இன்ஜின் இருக்கிறது. எஸ்யூவி அல்லாத, தாழ்வான எஸ்70 உடம்பு இருக்கிறது, 2023-லிருந்து. ஆர்3 என்ற பெயர் இருக்கிறது, அதைப் பச்சை குத்திக்கொள்ளத் தயாரான ரசிகர்களும் இருக்கிறார்கள். கியர்பெட்டியையும் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் மாற்றி, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 500 கார் செய்து பார்க்கட்டும். ஸ்டிக்கர் ஒட்டிய 2,000 கார் விற்க முடிந்தவர்களுக்கு இது பெரிய சூதாட்டம் அல்ல.

அப்படி ஒரு கார் தஞ்சோங் மாலிமிலிருந்து வெளிவந்தால், பட்டறை அண்ணன்மார்களே, தம்பிமார்களே, முதல் மாதமே ஷோரூமுக்குப் போய் முன்பணம் கட்டுங்கள். பத்து வருடம் கழித்து செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று இந்த முறையும் காத்திருக்காதீர்கள். அதுவரை, இன்ஜின் மாற்றிய வீரா வைத்திருப்பவர்கள் கெரானில் புது எண் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.